ஈற்றிருக்கை

வியாழக்கிழமை மத்தியானம் ஷ்யாமளா ஒரு பொத்தானை அழுத்தினாள். அதற்கப்புறம் அந்த மும்பை மாட்டுங்கா வீட்டில் குக்கர் விசிலைத் தவிர வேறெதுவும் வாய்விட்டுச் சத்தம் போடவில்லை.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தவர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஷ்யாமளா பல வருஷங்களாக இணையத்துத் தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்கு எழுதிவருபவள். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற களஞ்சியம் அது. ஆனால் ஒரு பக்கத்தை நீக்கவும், நீக்கியதை மீட்கவும் நிர்வாகிகள் என்ற சிலருக்குத்தான் உரிமை உண்டு. ஷ்யாமளா அதில் ஒருத்தி. சம்பளம் கிடையாது, சால்வை கிடையாது. இருந்தாலும் கழுத்துச் சங்கிலியைவிட அந்த உரிமையை அவள் பத்திரமாக வைத்திருந்தாள்.

ஸ்ரீலேகா அவளுடைய ஓர்ப்படி. கொழுந்தன் கண்ணாவுக்கு மஸ்கட்டில் வேலை என்பதால் ஸ்ரீலேகா இவர்களோடுதான் இருக்கிறாள். ஃபோர்ட் பகுதியில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸ், தினமும் லோக்கல் ரயில். அவள் பாட்டுக்கு இருந்தவள், இந்த வருஷம் தானும் களஞ்சியத்தில் ஒரே ஒரு கட்டுரை எழுதினாள். ரயிலில் பெண்கள் பெட்டியில் மூன்று பேர் உட்காரும் இருக்கையின் ஓரத்தில் நாலாவதாக ஒருத்தி ஒண்டிக்கொள்ளும் வழக்கத்தைப் பற்றியது. தலைப்பு, 'நாலாவது சீட்டு'.

அந்த ஒரே கட்டுரை களஞ்சியத்தின் முதல் பக்கத்தில் வந்துவிட்டது. ஏரி, ஆறு, பூச்சி, புழு என்று ஷ்யாமளா எழுதிக் குவித்ததில் ஒன்றுகூட அங்கே எட்டிப் பார்த்ததில்லை.

வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

அதுகூடப் பரவாயில்லை. ஷ்யாமளாவின் கணவர் வேங்கடசுப்ரமணியன் அந்தக் கட்டுரையைச் சாப்பாட்டு மேஜையில் உரக்கப் படித்தார். பெண்டாட்டி எழுதியதில் ஒரு வரி படித்தறியாத மனுஷன். தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளை அஷ்வத், "சித்தி, ஏக்தம் மஸ்த், சூப்பர்! அப்பா, அந்த சண்டை போடற பார்ட் இன்னொரு தடவை படி" என்றான். ஷ்யாமளா ரசம் கொண்டுவருவதாகச் சொல்லி எழுந்து போனாள். ரசம் மேஜையில்தான் இருந்தது.

அப்புறம்தான் வியாழக்கிழமை வந்தது. கட்டுரையிலிருந்து ஒரு வரியை எடுத்து இணையத்தில் தேடினாள். 'மும்பைச் சாரல்' என்றொரு வலைப்பூவில் அதே கட்டுரை வரிக்கு வரி இருந்தது. மேலே பல வருஷம் பழைய தேதி. ஷ்யாமளாவுக்குக் கை குறுகுறுத்தது. எழுதியவரிடம் முதலில் விளக்கம் கேட்க வேண்டும், சில நாள் பொறுக்க வேண்டும் என்பது களஞ்சியத்தின் வழக்கம். அவள் கேட்கவில்லை, பொறுக்கவும் இல்லை. 'பதிப்புரிமை மீறல்: வேறு தளத்திலிருந்து நகலெடுக்கப்பட்டது' என்று காரணம் எழுதிப் பக்கத்தை நீக்கினாள். ஸ்ரீலேகாவின் கணக்கில் ஓர் எச்சரிக்கையும் ஒட்டினாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். அன்று சாயங்காலம் செம்பூரில் களஞ்சியத்துக்கு எழுதுகிறவர்களின் கூட்டம். அதில் ஸ்ரீலேகா பேசுவதாக இருந்தது.

காலையில் போன் வந்தது. பூமாரி. தாராவிப் பெண், கல்லூரி நூலகத்தில் வேலை, கூட்டம் நடத்துவதே அவள்தான்.

"அக்கா, பூமாரி பேசுதேன். ஸ்ரீலேகா அக்காவ இப்ப எப்படிக்கா மேடை ஏத்த? காப்பி அடிச்சவுகள எதுக்குப் பேசவிட்டேன்னு நாளைக்கு யாராது கேட்டா நான் என்ன சொல்ல? அதான், அவுக எடத்துல நீங்க பேசுங்க."

"நானா? எதைப் பத்தி?"

"திருட்டுக் கட்டுரைய எப்படிக் கண்டுபிடிக்கதுன்னு. இந்தக் கட்டுரையவே உதாரணமா காட்டிருங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல திரையில போட்டுரலாம்."

"அவ என்னோட ஓர்ப்படி, பூமாரி."

"தெரியும்க்கா. சொந்தம்னு பாக்காம நீக்குனீங்க பாத்தீங்களா, அதத்தான் எல்லாரும் பெருசா பேசுதாவ."

ஷ்யாமளா யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். யோசிப்பதற்கு எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு கொட்டாவிகூட விட முடியாது. "சரி, பேசறேன்" என்றாள்.

உள்ளே போனபோது ஸ்ரீலேகா தன் அறையில் நீலப் புடவை ஒன்றை மடித்து பீரோவில் திரும்ப வைத்துக்கொண்டிருந்தாள். கூட்டத்துக்கென்று முந்தின வாரமே இஸ்திரி போட்டு வாங்கிவந்த புடவை. அதைப் பார்க்க ஷ்யாமளாவுக்கு நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததே என்று ஒரு நிமிஷம் வெட்கமாகவும் இருந்தது. வெட்கம் சீக்கிரம் போய்விட்டது.

ஹாலில் வேங்கடசுப்ரமணியன் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "ஸ்ரீலேகா காப்பியடிக்கிறவளா, ஷ்யாமளா?" என்றார்.

"ரூல்னா ரூல்தான்."

"ரூல் இல்லேங்கலை. அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"ஏன்னா, நான் எழுதினது ஒண்ணாவது நீங்க படிச்சிருக்கேளா?"

"இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

"இருக்கு" என்று சொல்லிவிட்டு ஷ்யாமளா கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

திரையில் போடுவதற்கு அந்த வலைப்பூப் பக்கத்தைப் படம் பிடித்துக்கொள்ள வேண்டும். பக்கத்தைத் திறந்தாள். வியாழனன்று தேதியைப் பார்த்தாள், முதல் வரியைப் பார்த்தாள், அதற்குமேல் படிக்கவே இல்லை. இன்றைக்குப் பேச வேண்டுமே என்று நிதானமாகப் படித்தாள்.

மூன்றாவது வரியில் அந்த வார்த்தை இருந்தது. ஈற்றிருக்கை.

ஷ்யாமளாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. பார்த்தீர்களா, வெளியுலகத்தில்கூடப் புழங்க ஆரம்பித்துவிட்டது!

அது அவள் செய்த வார்த்தை. ஸ்ரீலேகாவின் கட்டுரை வந்த புதிதில், 'சீட்டு சீட்டு' என்று பக்கம் முழுக்க இருந்தது அவளுக்குப் பொறுக்கவில்லை. அப்போது அவளால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். கட்டுரைக்குள் புகுந்து, 'நாலாவது சீட்டு' வந்த இடமெல்லாம் அழித்து, கடைசி இருக்கை என்ற அர்த்தத்தில் 'ஈற்றிருக்கை' என்று தானே ஒரு சொல்லை உண்டாக்கிப் போட்டாள். தலைப்பை மட்டும் விட்டுவைத்தாள். அன்றைக்கே வேங்கடசுப்ரமணியன் சிரித்தார். "ஈற்றிருக்கையா? மாடு கன்னு போடற எடம் மாதிரின்னா இருக்கு! தலையீத்து, ரெண்டாம் ஈத்துன்னு ரயில்லயே மாட்டைக் கட்டிடுவே போலிருக்கே!" ஷ்யாமளா அவரோடு ஒருநாள் முழுக்கப் பேசவில்லை. எந்த அகராதியிலும் அந்தச் சொல் கிடையாது. ஷ்யாமளாவைத் தவிர உலகத்தில் வேறு யாரும் அதை எழுதியதும் கிடையாது.

பெருமையோடு இன்னும் இரண்டு வரி படித்தாள். அப்புறம்தான் உறைத்தது.

தான் இந்த வருஷம் உண்டாக்கிய வார்த்தை, பல வருஷத்துக்கு முந்தைய பக்கத்தில் எப்படி வந்தது?

பக்கத்தை அடிவரை தள்ளிக்கொண்டு போனாள். கட்டுரைக்குக் கீழே பழைய வாசகர்கள் கருத்து எழுதியிருந்தார்கள். 'ஜவ்வரிசி வடாம் அருமையாக வந்தது சகோதரி.' 'உப்பு கொஞ்சம் தூக்கல், மற்றபடி பிரமாதம்.' 'மழைக்காலத்தில் காயவைப்பது எப்படி?'

விஷயம் இதுதான். என்றைக்கோ வடாம் பிழிவதைப் பற்றி எழுதிய பதிவை அந்த வலைப்பூக்காரர் திறந்து, வடாத்தை அழித்துவிட்டு, களஞ்சியத்திலிருந்து ஸ்ரீலேகாவின் கட்டுரையை எடுத்து ஒட்டியிருக்கிறார். தேதியும் வடாமும் மட்டும் பழையபடி நின்றுவிட்டன. திருடியது ஸ்ரீலேகா இல்லை. அவளிடமிருந்துதான் திருடியிருக்கிறார்கள்.

நீக்கிய பக்கத்தின் பழைய வரலாற்றை நிர்வாகிகள் மட்டும் பார்க்கலாம். ஷ்யாமளா பார்த்தாள். ஸ்ரீலேகா எழுதியது, அதன் கீழே ஷ்யாமளா திருத்தியது, 'தமிழாக்கம்' என்று ஷ்யாமளாவே எழுதிய குறிப்பு, எல்லாம் அப்படியே இருந்தன. பக்கத்திலேயே 'மீட்டமை' என்ற பொத்தானும் இருந்தது.

அழுத்தவில்லை.

ஏன் அழுத்த வேண்டும் என்று மனசு கேட்டது. அழுத்தினால் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதினால் ஷ்யாமளா படிக்காமல் நீக்கினாள் என்று ஆகும். சாயங்காலப் பேச்சு போய்விடும். கட்டுரை திரும்ப வரும், நீலப் புடவை வெளியே வரும், வேங்கடசுப்ரமணியன் திரும்ப உரக்கப் படிப்பார். கூட்டம் முடியட்டும், நாளைக்குச் சத்தமில்லாமல் மீட்டுவிடலாம், ஒருநாளில் என்ன முழுகிவிடும்? இப்படி அவள் தனக்கே தவணை கொடுத்துக்கொண்டிருந்தபோது வாசலில் நிழலாடியது.

ஸ்ரீலேகா நின்றுகொண்டிருந்தாள். "மன்னி, நானும் உங்களோட செம்பூர் வரட்டுமா?"

ஷ்யாமளா அவசரமாகத் திரையை மூடினாள். "நீ எதுக்கு?"

"பின்னாடி உட்கார்ந்து கேக்கறேன். எங்க தப்பு பண்ணினேன்னு தெரிஞ்சுக்கணும். அங்க எனக்கு வேற ஒரு சின்ன வேலையும் இருக்கு."

வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை. "வா" என்றாள்.

*

ஞாயிற்றுக்கிழமை என்றால் மெகா பிளாக். தண்டவாள வேலைக்காகப் பாதி வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், மீதி வண்டிகளில் ஊரே ஏறும். ஷ்யாமளாவுக்கு ரயில் பழக்கமில்லை. எங்கே போனாலும் டாக்ஸி, இல்லாவிட்டால் வேங்கடசுப்ரமணியன் கூட வருவார். மாட்டுங்கா ஸ்டேஷனில் பெண்கள் பெட்டி வந்து நின்றதும் அவள் பின்வாங்கினாள். ஸ்ரீலேகா அவள் கையைப் பிடித்து உள்ளே ஏற்றினாள்.

"தாயி, ஜரா சர்கா நா" என்றாள் ஸ்ரீலேகா மராத்தியில், ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்திருந்த மூன்று பெண்களிடம். மூன்று பேரும் நகர்ந்தார்கள். ஓரத்தில் ஒரு கையகலம் இடம் உண்டாயிற்று.

"உட்காருங்கோ மன்னி."

ஷ்யாமளா உட்கார்ந்தாள். ஒரு பாதி இருக்கையில், மறுபாதி அந்தரத்தில். கட்டுரையில் ஸ்ரீலேகா எழுதியது அத்தனையும் நிஜம் என்று அவளுக்குத் தெரிந்தது. முழங்காலைக் குறுக்கே வைத்துக்கொள்ள வேண்டும், பையை மடியில் வைக்கக்கூடாது, யாராவது இறங்க எழுந்தால் சட்டென்று உள்ளே நகர வேண்டும். எதிர் சீட்டுக்காரி ஸ்ரீலேகாவைப் பார்த்து, "ஆஜ் சண்டே கோ பீ?" என்று, ஞாயிற்றுக்கிழமையுமா என்ற ஆச்சரியத்தோடு இந்தியில் விசாரித்தாள். தினமும் பார்க்கிற சிநேகிதம் போலிருக்கிறது. மும்பையில் முப்பது வருஷம் குடித்தனம் பண்ணியும் ரயிலில் தன்னை விசாரிக்க ஒரு ஆள் கிடையாது என்று ஷ்யாமளாவுக்குத் தோன்றியது. அந்த நிலைமையிலும் பொறாமைதான் முதலில் வந்தது.

சயான் ஸ்டேஷன் தாண்டியதும் ஸ்ரீலேகா கம்பியைப் பிடித்தபடி குனிந்தாள். "மன்னி, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"அந்த வலைப்பூவை நானும் பார்த்தேன். எனக்கு முன்னாடியே அவா எழுதிட்டான்னா... நான் எப்பவோ அதைப் படிச்சு, மறந்து போய், என்னோடதுன்னு நினைச்சுண்டு எழுதிட்டேனோ? எனக்கு ராத்திரியெல்லாம் அதே யோசனை. நான் தினம் பார்க்கறதைத்தானே எழுதினேன்? ஆனா வரிக்கு வரி இருக்கே? என் மேலயே எனக்கு நம்பிக்கை போயிடுத்து, மன்னி."

ஷ்யாமளா ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

"நீங்க போட்டேளே, ஈற்றிருக்கை, அதுகூட அதுல இருக்கு. அது அகராதியில இருக்கற பழைய வார்த்தைதானே?"

இங்கேதான் ஷ்யாமளா மாட்டிக்கொண்டாள். அது என்னுடைய வார்த்தை, நான் பெற்ற வார்த்தை என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொள்ள ஆசைப்பட்டவள். அதைச் சொன்னால் எல்லாவற்றையும் சொன்னதாகிவிடும்.

"ம்" என்றாள்.

"அதான் நினைச்சேன்" என்றாள் ஸ்ரீலேகா. "நீங்க எவ்வளவு படிச்சிருக்கேள்!"

குர்லாவில் இறங்கி, படியேறி, செம்பூர் போகிற ஹார்பர் லைன் வண்டிக்கு மாறினார்கள்.

*

செம்பூரில் ஒரு சமாஜத்தின் மாடி ஹால். நாற்காலிகள் நிறைந்திருந்தன. பெரும்பாலும் கல்லூரிப் பெண்கள், நடுநடுவே ரிடையரான பெரியவர்கள். ஸ்ரீலேகா கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். பூமாரி ஷ்யாமளாவின் கையில் மைக்கைக் கொடுத்து, "நம்ம அக்கா. சொந்தம் பந்தம்னு பாக்காதவுக" என்று அறிமுகம் செய்தாள். கைதட்டல் கேட்டது. ஷ்யாமளா எத்தனையோ வருஷமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்த கைதட்டல்.

திரையில் வலைப்பூப் பக்கம் வந்தது. ஷ்யாமளா பேச ஆரம்பித்தாள். சந்தேகம் வந்தால் ஒரு வரியை எடுத்துத் தேடுங்கள் என்றாள். தேதியைப் பாருங்கள் என்றாள். முன்வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கி, "ஆன்ட்டி, இவங்க வேற என்னெல்லாம் காப்பி அடிச்சிருக்காங்க?" என்று கேட்டாள்.

பூமாரி முந்திக்கொண்டாள். "அவுக பண்ணுன மத்த திருத்தம் எல்லாத்தையும் எடுத்துரலாம்னு இருக்கோம்மா. எதுக்கு வம்பு?"

ஷ்யாமளா கடைசி வரிசையைப் பார்த்தாள். ஸ்ரீலேகா தலையைக் குனிந்துகொண்டு போனில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள். ஷ்யாமளா சொல்வதைத்தான் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். தேதியைப் பார்க்க வேண்டும், ஒரு வரியை எடுத்துத் தேட வேண்டும். இனிமேல் தப்பு செய்யக்கூடாதே என்று.

ஷ்யாமளாவால் அதற்குமேல் முடியவில்லை.

"இந்தக் கட்டுரையை எழுதினவ காப்பி அடிக்கலை" என்றாள் மைக்கில். "தப்பு பண்ணினது நான்."

ஸ்ரீலேகா நிமிர்ந்தாள்.

ஷ்யாமளா ஒன்றுவிடாமல் சொன்னாள். ஈற்றிருக்கை தான் செய்த வார்த்தை என்பதைச் சொன்னாள். அது பழைய தேதிப் பக்கத்தில் இருக்க வழியே இல்லை என்றாள். பக்கத்தைக் கீழே தள்ளி வடாம் கருத்துகளைக் காட்டினாள். 'உப்பு கொஞ்சம் தூக்கல்' என்று வாசித்தபோது ஹால் கொல்லென்று சிரித்தது. கணவர் ரயிலில் மாட்டைக் கட்டிக் கேலி செய்ததைச் சொன்னாள். இன்னும் பெரிய சிரிப்பு. எல்லோரும் பார்க்க 'மீட்டமை' பொத்தானை அழுத்தினாள். காலியாகக் கிடந்த பக்கத்தில் ஸ்ரீலேகாவின் கட்டுரை முழுசாக வந்து நின்றது. எச்சரிக்கையையும் அழித்தாள். "அவசரப்பட்டுட்டேன். படிக்காம நீக்கிட்டேன். ஸ்ரீலேகா, என்னை மன்னிச்சுடு" என்றாள்.

கைதட்டல் நிற்கவே இல்லை. ஒரு பெரியவர் எழுந்து நின்று தட்டினார். தப்பை மேடையில் ஒப்புக்கொள்கிற தைரியம் யாருக்கு வரும் என்றார்கள். கேள்விகள் வந்தன. நம்மிடமிருந்து எடுத்தார்களா, நாம் அவர்களிடமிருந்து எடுத்தோமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கருத்துகளைப் பாருங்கள், நமக்கே உரிய வார்த்தைகளைப் பாருங்கள், நீக்குவதற்கு முன்னால் எழுதினவரைக் கேளுங்கள் என்று ஷ்யாமளா சளைக்காமல் பதில் சொன்னாள். பேசப் பேச அவளுக்குப் பேச்சு நன்றாக வந்தது. இவ்வளவு நன்றாகத் தனக்குப் பேச வரும் என்று அவளுக்கே தெரியாது.

கதவு திறந்து, அடுத்து ஹாலை எடுத்திருந்த சத்யநாராயண பூஜைக்காரர்கள் வாழைக்கன்றோடு உள்ளே வந்தார்கள். வாட்ச்மேன் நாற்காலிகளை மடக்க ஆரம்பித்தான்.

"நேரம் ஆயிட்டுக்கா" என்றாள் பூமாரி. பிறகு கடைசி வரிசையைப் பார்த்து, "ஸ்ரீலேகா அக்கா, தப்பா நெனைக்காதீங்க. அடுத்த கூட்டத்துல கட்டாயம் நீங்கதான் பேசுதிய" என்றாள்.

பெண்கள் ஷ்யாமளாவைச் சூழ்ந்துகொண்டு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் தோளுக்கு மேலாகப் பார்த்தபோது, ஸ்ரீலேகா தன் நாற்காலியைத் தானே மடக்கிச் சுவரோரம் சாத்திக்கொண்டிருந்தாள்.

*

தெருவில் இருட்டிக்கொண்டு வந்தது. ஷ்யாமளா லேசான மனசோடு இறங்கினாள். பாரத்தை இறக்கியாகிவிட்டது. ஸ்ரீலேகா அழுவாள், அல்லது கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தாள்.

"ஆட்டோ பிடிக்கலாமா?" என்றாள்.

"மன்னி, ரயில்ல வரும்போதே உங்களுக்குத் தெரியும் இல்லையா?"

ஷ்யாமளா நின்றாள். "...தெரியும்."

"நான் என் மேலயே சந்தேகப்பட்டுண்டு சொல்லிண்டிருந்தேன். பழைய வார்த்தைதானேன்னு கேட்டேன். நீங்க 'ம்'ன்னேள்."

"அதான் எல்லார் முன்னாடியும் ஒத்துண்டேனேடி."

"ஒத்துண்டேள். நன்னாத்தான் பேசினேள். எனக்குன்னு வச்சிருந்த நேரம் மொத்தமும் நீங்க பேசினேள்." ஸ்ரீலேகாவின் குரல் உயரவில்லை. "என் கட்டுரையை நீக்கினப்பவும் உங்களுக்குக் கைதட்டினா. மீட்டப்பவும் உங்களுக்குத்தான் தட்டினா. பூமாரியைத் தவிர அங்க யாருக்கும் நான் யாருன்னுகூடத் தெரியலை."

"அவசரத்துல பண்ணிட்டேன், ஸ்ரீலேகா..."

"அவசரமா? எல்லாம் சொன்னேள், மன்னி. ஏன் பண்ணினேள்னு மட்டும் சொல்லலை."

ஷ்யாமளாவுக்கு அந்த வார்த்தை தெரியும். இல்லாத சொல்லையே உண்டாக்கத் தெரிந்தவள் அவள். பொறாமை என்பதைப் புதிதாக உண்டாக்கவும் வேண்டாம், எடுத்துச் சொன்னால் போதும். வாய் வரவில்லை.

ஸ்ரீலேகா எதிர்ப்பக்கம் கையைக் காட்டினாள். பான் கடைக்கு அருகில் ஒரு ஆள் சாவிக்கொத்தோடு நின்றுகொண்டிருந்தான்.

"அவர் ஏஜென்ட். இங்க ஒரு வீடு இருக்குன்னார். வேண்டாம்னு சொல்லிட்டு உங்களோட திரும்பிடலாம்னுதான் வந்தேன். இப்போ பார்த்துட்டே வரேன். நீங்க போங்கோ."

"வீடா? யாரைக் கேட்டுண்டு? கண்ணாவுக்குத் தெரியுமா?"

"அவருக்குச் சொல்லிக்கறேன்."

ஸ்ரீலேகா ரோடைத் தாண்டிப் போனாள். பஸ் ஒன்று குறுக்கே வந்து, போனது. ஏஜென்ட் முன்னால் நடக்க, அவள் அந்தக் கட்டடத்தின் கேட்டுக்குள் நுழைந்தாள்.

ஷ்யாமளா நடைபாதையிலேயே நின்றாள். ஓடிப்போய் அவளை இழுத்துக்கொண்டு வர வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் ஓடவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமனார், மாமியார், கொழுந்தன், ஓர்ப்படி என்று ஒரே வீட்டில் கூட்டத்தோடு கூட்டமாக இருந்தவள் அவள். தன் இஷ்டத்துக்கு ஒரு டப்பாவை ஒரு அலமாரியில் வைக்க முடியாது. தனி வீடு பார்க்கலாம் என்று ஒரு தடவை வேங்கடசுப்ரமணியனிடம் கேட்டு, அவர் தூங்கிவிட்டது போல் பாசாங்கு பண்ணியதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஸ்ரீலேகாவோ யாரையும் கேட்கவும் இல்லை, தயங்கவும் இல்லை, கிளம்பிப் போய்ச் சாவியோடு நின்றவனோடு நடந்துவிட்டாள்.

போன் அடித்தது. வேங்கடசுப்ரமணியன்.

"கூட்டம் ஆயாச்சா? அஷ்வத் சொல்றான், கட்டுரை திரும்ப வந்துடுத்தாமே! ஸ்ரீலேகா பேசினாளா?"

"பேசினா."

"எப்படிப் பேசினா?"

"என்கிட்டப் பேசினா."

"என்ன சொல்றே நீ? போனை அவகிட்டக் குடு."

"அவ வீடு பார்க்கப் போயிருக்கா."

"வீடா? யாருக்கு வீடு?"

எதிர்க் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் யாரோ விளக்கைப் போட்டார்கள். ஸ்ரீலேகா ஜன்னலைத் திறந்து வெளியே எட்டிப் பார்த்தாள். அந்த ஜன்னல் தங்கள் மாட்டுங்கா வீட்டு ஜன்னலைவிடப் பெரிதாக இருந்தது.